ஜெர்மன் சிறுவர் புத்தகம் வாங்கப் போகிறவர்கள், படம் போட்டவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

"பி1 என்ற இடைநிலை வரை ஜெர்மன் முடித்திருக்கிறேன். அக்டோபரில் பத்து நாள் பிராங்க்ஃபர்ட், மியூனிக், பெர்லின் சுற்றப் போகிறேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த கதைப் புத்தகங்களை எனக்கும், ஜெர்மன் தெரியாத என் அக்காவின் நாலு வயது மகளுக்கும் வாங்கி வர ஆசை. எங்கே தேடுவது, எதை வாங்குவது?" இதுதான் கேள்வி. பதினைந்து வருடமாக இங்கே ஜெர்மனியில் இருந்துகொண்டு, ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பெட்டி எடைக்காக வீட்டில் திட்டு வாங்குகிறவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில், தேடி அலைய வேண்டியிருக்குமோ என்ற கவலையை விடுங்கள். ஹைன்ரிஹ் ஹோஃப்மனின் ஸ்ட்ரூவல்பேட்டர் 1845-இல் வந்தது. வில்ஹெல்ம் புஷ்ஷின் மாக்ஸ் உண்ட் மோரிட்ஸ் 1865. எரிக் கேஸ்ட்னரின் எமில், பெர்லினில் திருடனைத் துரத்தும் பையனின் கதை, 1929. இவை எல்லாம் இன்றைக்கும் அச்சில் இருக்கின்றன. பேக்கரியும் மருந்துக்கடையும் இருக்கிற எந்தச் சிற்றூரிலும் ஒரு புத்தகக் கடை இருந்தால், அதன் சிறுவர் அலமாரியில் இவற்றில் பாதியாவது நிற்கும். மீதியைச் சொல்லிவைத்தால் போதும்: மாலைக்குள் சொன்னால் பெரும்பாலும் அடுத்த வேலைநாள் காலையில் கடைக்கு வந்துவிடும். மொத்த வியாபாரிகளின் வண்டி இரவோடு இரவாக ஓடுகிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. அலமாரியில் இல்லை என்றதும் "இல்லையாம்" என்று வெளியே வந்துவிடுகிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே கதை ஏழெட்டுப் பதிப்பாக நிற்கும். ஒன்றில் கதையைச் சுருக்கியிருப்பார்கள், ஒன்றில் படத்தை மாற்றியிருப்பார்கள், ஒன்றின் அட்டையில் சினிமாப் பையன் சிரிப்பான். ஜெர்மன்காரர்கள் "என் சின்ன வயசுப் புத்தகம்" என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது பாதி கதை, பாதி படம். ஆகவே கதையின் பெயரோடு ஓவியர் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரரிடம் "மிட் டென் ஒரிகினால்-இலுஸ்ட்ராட்ஸியோனென்" என்று ஒரு வார்த்தை சேர்த்தாலே அவர் முகம் மாறும், எழுந்து கூடவே வருவார்.

எமிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் அட்டை. வெறிச்சோடிய தெருவில் தொப்பி போட்ட ஒருவன் நடந்து போகிறான். விளம்பரம் ஒட்டும் உருளைத் தூணுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் ஒளிந்துகொண்டு அவனைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் படம். போட்டவர் வால்டர் ட்ரியர். பிராகில் பிறந்த யூதர், பெர்லின் பத்திரிகைகளில் கொடிகட்டிப் பறந்தவர். நாஜிகள் வந்தபின் 1936-இல் லண்டனுக்குத் தப்பினார், அங்கிருந்து கனடா போய் 1951-இல் அங்கேயே இறந்தார். கேஸ்ட்னரோ பெர்லினிலேயே இருந்தார். 1933 மே 10 அன்று ஓபரா சதுக்கத்தில் தன் புத்தகங்கள் எரிவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். எமில் மட்டும் அந்தத் தீயிலிருந்து தப்பியது, அவ்வளவு பேர் வீட்டில் இருந்த புத்தகம். போர் முடிந்தபின் 1949-இல் வந்த 'இரட்டை லோட்டி'க்கும் 'விலங்குகளின் மாநாடு'க்கும் கடல் தாண்டி இருந்த ட்ரியரே படம் வரைந்து கொடுத்தார். இப்போது அட்ரியம் பதிப்பகம் ட்ரியர் படங்களோடு போடுகிறது, அதையே வாங்குங்கள். எமிலைப் படக்கதையாகவும் ஒருவர் அழகாகச் செய்திருக்கிறார், ஆனால் அது வேறு புத்தகம். அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்து ஓட்ஃபிரீட் பிராய்ஸ்லர். பவேரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'குட்டி நீர்ப்பூதம்' 1956, 'குட்டி சூனியக்காரி' 1957, 'கொள்ளைக்காரன் ஹோட்ஸன்ப்ளோட்ஸ்' 1962, 'குட்டிப் பேய்' 1966. இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஜெர்மன் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. இதற்கு நடுவே 'கிராபாட்' என்ற இருண்ட கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது நகரவில்லை. மனசு லேசாக வேண்டும் என்று இடையில் எழுதியதுதான் ஹோட்ஸன்ப்ளோட்ஸ். பாட்டியின் காபிக்கொட்டை அரைக்கும் மிஷினைத் திருடிப்போகிற கொள்ளைக்காரன், இடுப்பில் ஏழு கத்தி, கையில் மிளகுத்தூள் சுடும் துப்பாக்கி. கிராபாட் 1971-இல்தான் முடிந்தது. ஹோட்ஸன்ப்ளோட்ஸுக்குப் படம் எஃப். யோ. ட்ரிப், கறுப்பு மசியில் கோட்டுச்சித்திரம். பிற்பாடு அதே கோடுகளுக்கு வேறொருவர் வண்ணம் ஏற்றிய பதிப்புகள் வந்தன, கடையில் முன்னால் நிற்பது அதுதான். வண்ணம் மோசம் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. எனக்குக் கறுப்பு வெள்ளைதான்.

எனக்கு மட்டுமில்லை. சில வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, தேவாலய முற்றத்தில் நடந்த பிள்ளைகள் சந்தைக்குப் போனேன். ஒன்பது வயதிருக்கும் ஒரு பையன் தரையில் போர்வை விரித்து பொம்மைக் கார், புதிர்ப்பெட்டி, புத்தகம் எல்லாம் பரப்பியிருந்தான். நடுவில் கறுப்பு வெள்ளை ஹோட்ஸன்ப்ளோட்ஸ். விலை கேட்டேன். ஒரு யூரோ என்றான். அப்புறம் அவனே ஒரு பக்கத்தைப் புரட்டி, "இங்கே கிழிந்திருக்கிறது, 50 சென்ட் கொடுங்கள்" என்றான். நாணயஸ்தன். நான் காசை எடுப்பதற்குள் காபிக் கோப்பையோடு அவன் அம்மா வந்து சேர்ந்தார். புத்தகத்தைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. "அது உன்னுடையது இல்லை, என்னுடையது." முன்பக்கத்தைத் திறந்து காட்டினார். பென்சிலில், கோணல்மாணலாக, அவருடைய சின்ன வயசுக் கையெழுத்து. என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பையனுடைய வண்ணப் பதிப்பை எடுத்து என் கையில் வைத்து, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையைப் பிறகு பழைய புத்தகக் கடையில்தான் வாங்கினேன்.

இந்தப் பிள்ளைகள் சந்தைக்கு 'கிண்டர்ஃப்ளோமார்க்ட்' என்று பெயர். மழலையர் பள்ளி, பள்ளிக்கூடம், தேவாலயம் ஆகியவற்றின் வாசலில் நடக்கும், பெரும்பாலும் சனி, ஞாயிறு. அறிவிப்பு ஏதாவது மரத்திலோ பேக்கரிக் கண்ணாடியிலோ ஒட்டியிருக்கும். வளர்ந்த பிள்ளைகளின் புத்தகம் வெளியே வருகிற இடம் இதுதான் என்பதால், பெர்லின் மவுவர்பார்க்கில் ஞாயிறுதோறும் நடக்கும் பிரபலமான சந்தையைவிட எனக்கு இதுவே மேல். மவுவர்பார்க் வேடிக்கை பார்க்க நல்ல இடம், ஆனால் சுற்றுலாக்காரர் விலை. தெருவோரத்தில் கண்ணாடி அலமாரியோ பழைய டெலிபோன் கூண்டோ நின்று, உள்ளே புத்தகம் இருந்தால் தயங்காமல் திறங்கள். அது பொது அலமாரி, யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம், காசு கிடையாது. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு நடத்தும் பழைய புத்தகக் கடைகளும் பெரிய நகரங்களில் உண்டு, ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பார்கள்.

'அன்ட்டிக்வாரியாட்' என்று பலகை போட்ட கடைகள் பழைய நூல் வியாபாரிகளுடையவை. அங்கே போகுமுன் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் காசு மிஞ்சும், நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வந்த புதிதில், மஞ்சளித்த தாள், உடைந்த எழுத்து மாதிரியான பழைய ஃப்ராக்டூர் அச்சு என்று மயங்கி ஒரு ஸ்ட்ரூவல்பேட்டரை 25 யூரோ கொடுத்து வாங்கினேன். கொள்ளுத்தாத்தா காலத்துப் பிரதி என்று நினைப்பு. வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் புத்தகங்களுக்குக் கொடுக்கும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் சிரிக்கிறது. அந்த எண்முறையே ஏறக்குறைய 1970-ஐ ஒட்டித்தான் வந்தது. பழைய அச்சை அப்படியே நகலெடுத்த மறுபதிப்பு அது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

ஆகவே அட்டையைப் பார்க்குமுன் 'இம்ப்ரெஸ்ஸும்' எனப்படும் பதிப்பு விவரப் பக்கத்தைப் பாருங்கள். ஃப்ராக்டூர் எழுத்தை 1941 ஜனவரியில் நாஜி அரசே கைவிட்டது, அதனால் புதிதாக அச்சுக்கோத்த சிறுவர் புத்தகம் ஃப்ராக்டூரில் இருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்தியது. மறுபதிப்பு விதிவிலக்கு, என் 25 யூரோ அதற்குச் சாட்சி. இன்னொரு வழி எழுத்துமுறை. 'என்று' என்ற பொருளில் வரும் 'தாஸ்' என்ற இணைப்புச் சொல் எல்லாப் பக்கத்திலும் வரும். அதன் கடைசியில் பீட்டா மாதிரி வளைந்த 'எஸ்ஸெட்' எழுத்து இருந்தால் பழைய எழுத்துமுறை, இரண்டு 'எஸ்' இருந்தால் 1996 சீர்திருத்தத்துக்குப் பின் திருத்திய பதிப்பு. பி1 மாணவருக்கு இது முக்கியம், ஏனென்றால் நீங்கள் வகுப்பில் படித்தது புதிய முறை. ஃப்ராக்டூரில் நீள 'எஸ்' என்பது 'எஃப்' போலவே இருக்கும். முதல் புத்தகமாக அதை வாங்கிப் படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மூடிவிடுவீர்கள்.

பழைய பதிப்பா புதியதா என்பதில் இன்னொரு விவகாரமும் இருக்கிறது. 'குட்டி சூனியக்காரி'யில் திருவிழா வேஷம் போடும் பிள்ளைகளைச் சொல்லும் இடத்தில், கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் இருந்தது. 2013-இல் அதை எடுக்கப்போவதாகப் பதிப்பகம் சொன்னதும் நாடே இரண்டுபட்டது. பத்திரிகைகள் பல வாரம் அதையே எழுதின. மிஹாயேல் எண்டேயின் 'ஜிம் க்னாப்'பிலும் (1960) 2024 பதிப்பில் அப்படிச் சில திருத்தங்கள் நடந்தன. என் அபிப்பிராயம் கேட்டால்: குழந்தைக்கு வாசித்துக் காட்டப் புதிய பதிப்பு, ஆராய்ச்சி ஆசை இருந்தால் பழையது. சந்தையில் 50 சென்டுக்குக் கிடைப்பது பழையதாகத்தான் இருக்கும், தெரிந்து வாங்குங்கள்.

எண்டே என்றதும் மியூனிக். ஊரின் மேற்குப் பக்கம் ஓபர்மென்ட்ஸிங்கில் ப்ளூட்டன்புர்க் என்ற குட்டிக் கோட்டை, சுற்றிலும் தண்ணீர். அதற்குள் இருப்பது சர்வதேச இளையோர் நூலகம். யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண்மணி, நாஜிகளிடமிருந்து லண்டனுக்குத் தப்பியவர், போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராகத் திரும்பி வந்தார். இடிபாட்டுக்கு நடுவே 1946-இல் பல நாட்டுச் சிறுவர் நூல்களை வரவழைத்துக் கண்காட்சி வைத்தார், 1949-இல் அது நூலகமானது. 1983-இலிருந்து இந்தக் கோட்டையில் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கும் மேல் புத்தகங்கள். 'விலங்குகளின் மாநாடு' கதைக்கான யோசனையைக் கேஸ்ட்னருக்குக் கொடுத்தவரும் லெப்மன்தான். எண்டேக்கும் அங்கே ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. அரை நாள் ஒதுக்குங்கள், திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். என்ன வாங்குவது என்று அங்கே பார்த்து முடிவு செய்துவிட்டு, வாங்குவதை ஊருக்குள் வந்து வாங்கலாம்.

எண்டேயின் 'முடிவில்லாக் கதை' (1979) வாங்குவதானால் கடையில் நின்றே உள்ளே திறந்து பாருங்கள். நம் உலகம் சிவப்பு மசியிலும் கற்பனை உலகம் பச்சை மசியிலும் அச்சாகியிருக்க வேண்டும். இருபத்தாறு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏ முதல் இசட் வரை வரிசையாக ஒரு எழுத்தில் தொடங்கும். அந்தத் தலை எழுத்துகளை ரோஸ்விதா க்வாட்ஃப்லீக் பக்கம் நிறைய வரைந்திருக்கிறார். இரண்டு நிறம் இல்லாத பிரதி கையில் வந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

பிராங்க்ஃபர்ட்டில் ஸ்ட்ரூவல்பேட்டருக்கே அருங்காட்சியகம் இருக்கிறது, புதிதாகக் கட்டிய பழைய நகரப் பகுதியில். ஹோஃப்மன் அந்த ஊர் டாக்டர். 1844 கிறிஸ்துமஸுக்கு மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கி, ஒன்றும் பிடிக்காமல் வெற்று நோட்டு ஒன்றை வாங்கி வந்து தானே எழுதி வரைந்தார். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து ஐந்தே நாளில் நூலாக இளைத்துச் சாகிற சூப் காஸ்பர், நாற்காலியில் ஆடி ஆடி மேஜைத்துணியோடு விழுகிற ட்ஸாப்பெல்ஃபிலிப். உட்கார முடியாமல் நெளிகிற பிள்ளையை இன்றைக்கும் ஜெர்மன்காரர்கள் 'ட்ஸாப்பெல்ஃபிலிப்' என்றுதான் சொல்கிறார்கள். உங்களுக்குக் கட்டாயம் வாங்குங்கள். நாலு வயதுப் பெண்ணுக்கு வேண்டவே வேண்டாம். விரல் சூப்பினால் தையற்காரன் பாய்ந்து வந்து கட்டைவிரலை வெட்டுகிறான், ரத்தம் சொட்டுவதும் படத்தில் இருக்கிறது. அக்கா உங்களைச் சும்மா விடமாட்டார். மாக்ஸ், மோரிட்ஸ் இருவரும் கடைசியில் மாவுமில்லில் அரைபட்டு வாத்துக்கு இரையாகிறார்கள், அதுவும் அப்படித்தான்.

அந்தக் குழந்தைக்கு என் பரிந்துரை 'விம்மல்புக்'. பக்கம் முழுக்க ஒரு ஊர், நூறு மனிதர்கள், ஆளுக்கொரு கூத்து, எழுத்தே கிடையாது. நீங்கள் தமிழில் கதை சொல்லிக்கொண்டே போகலாம். அலி மிட்குட்ஷ் 1968-இல் 'என் ஊரைச் சுற்றி' என்ற பொருளில் ஒன்று போட்டார், அதிலிருந்து பரவிய வகை இது. ரோட்ராவுட் சுசான்னெ பெர்னர் பருவத்துக்கு ஒன்றாகச் செய்த வரிசையில் அதே ஆட்கள் வசந்தத்திலிருந்து குளிர்காலம் வரை வளர்ந்து மாறிக்கொண்டே வருவார்கள். தடி அட்டை, கிழியாது.

பி1-க்கு எதில் தொடங்குவது? யானோஷ். 'ஆஹா, பனாமா எவ்வளவு அழகு' (1978), குட்டிக் கரடியும் குட்டிப் புலியும், சின்னச் சின்ன வாக்கியம், ஒரு மாலையில் முடியும். அடுத்து 'குட்டி சூனியக்காரி': அவளுக்கு வயது வெறும் 127, பெரிய சூனியக்காரிகள் ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். வகுப்பில் பேச்சு வழக்கு இறந்தகாலத்தையே அதிகம் பழகியிருப்பீர்கள், கதைகளோ முழுக்க எழுத்து வழக்கு இறந்தகாலத்தில் ஓடும். 'கிங்', 'காம்', 'ரீஃப்' என்று முதல் இருபது பக்கம் படுத்தும், பிறகு காதுக்குப் பழகிவிடும். எமில் மூன்றாவது, அதில் பெர்லின் தெருப்பேச்சு கலந்திருக்கிறது. கிரிம் சகோதரர்களைக் கடைசியில் வையுங்கள். வாங்கும்போது 1857-இன் கடைசிப் பதிப்பின் முழுப் பாடமா என்று பார்த்து வாங்குங்கள். ரெக்லாம் பதிப்பகத்தின் மூன்று தொகுதி மலிவு, லேசு. படம் வேண்டுமென்றால் ஓட்டோ ஊபெலோடே வரைந்தது. அவர் ஹெஸ்ஸன் பகுதிக்காரர், அங்குள்ள மலையையும் ஓட்டு வீட்டையும் பார்த்து வரைந்தவர்.

பெர்லினில் கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் புத்தகங்களை விட்டுவிடாதீர்கள். 'கிண்டர்புக்ஃபெர்லாக்' என்ற அரசுப் பதிப்பகம், பின்பக்கத்தில் மார்க்கில் அச்சிட்ட விலை, வெர்னர் க்ளெம்கேயின் படங்கள். அவர் படம் போட்ட கிரிம் கதைகளை பெல்ட்ஸ் பதிப்பகம் இன்றும் அச்சிடுகிறது. 'குட்டி ட்ரம்பெட்காரன் நூல்கள்' என்ற உள்ளங்கை அளவு வரிசையைப் பழைய கடையில் அள்ளலாம். சோவியத் சிறுவர் நூல்களோடு வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தத் தாளின் வாசனையே பழக்கமானதாக இருக்கும்.

பணம் பற்றி: புதுப் புத்தகத்துக்கு நாடு முழுக்க ஒரே விலை, சட்டமே அப்படி. பேரம் பேசவும் கடை மாற்றவும் வேண்டாம். அடிப்பக்க ஓரத்தில் 'மெங்கல்எக்ஸெம்ப்ளார்' (குறையுள்ள பிரதி) என்று முத்திரை குத்திய பிரதிகள் மட்டும் விலை குறைவு, லேசாக மூலை மடங்கியிருக்கும், அவ்வளவுதான். வரியைத் திரும்ப வாங்கும் வித்தை புத்தகத்தில் பலிக்காது, வரியே 7 சதவீதம்தான், அதற்கு ஒரே ரசீதில் 50 யூரோ தாண்ட வேண்டும். அக்டோபரில் பிராங்க்ஃபர்ட்டில் புத்தகக் கண்காட்சி வரும், அந்த வாரம் ஹோட்டல் விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் தவிர. அந்த ஞாயிறு பெர்லினில் இருந்தால், எமிலைக் கையில் எடுத்துக்கொண்டு ட்ஸோ ஸ்டேஷனில் இறங்குங்கள். எமில் திருடனைத் துரத்திக்கொண்டு இறங்கிய இடம் அது. கதையில் வரும் கைசர் அலே என்ற சாலை இப்போது புண்டஸ் அலே, அதில் நடந்தால் ட்ரவுட்டனவுத் தெரு முனை வரும். எமில் பெட்டியும் பூங்கொத்துமாகத் திருடனை வேவு பார்த்ததும், பின்னாலிருந்து குஸ்டாவ் என்ற பையன் ஹாரன் அடித்ததும் அங்கேதான். பக்கத்தில் பிராகர் சதுக்கத்தில் பெஞ்சு இருக்கிறது. திரும்பும்போது ரயில் நிலையக் கடையில் 'பிக்ஸி' புத்தகம் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரம், 1954 முதல் வருகிறது, ஓரிரு யூரோதான், எடையே தெரியாது. மீதியைக் கைப்பையில் போடுங்கள். பெட்டியில் வைத்தால் அட்டை மூலை நசுங்கும்.